நாலு அங்குல ஆகாசம்

நாலு அங்குலம்தான். டேப்பைப் புடிச்சு அளந்தவளே நான்தான், முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, அதுக்கு மேல இந்தச் சீட்டு ஒரு நூல் நகராது, நகர முடியாதபடி இரும்புத் தடுப்பு வெச்சு வெல்டு அடிச்சிருக்கு, அப்புறம் எதுக்குடி துளசிமணி பெல்ட்டை ரெண்டு கையிலயும் இறுக்கிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன்னு என்னையே கேட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமை, மணி பதினொண்ணு. கீழ பருப்பு வெந்து எறக்கி வெச்சாச்சு, அரிசி ஊறுது, அவரு சூலூர்ப் பக்கம் தோட்டத்து மோட்டார் ஒண்ணு பாக்கப் போயிட்டாரு, வர ரெண்டு மணி ஆகும். இது மாடியில பாப்பா ரூம்பு. கட்டிலைச் செவுத்தோட ஒதுக்கியாச்சு. நடுவுல பழைய ஆம்னி வேன் சீட்டு, அதுக்கு அடியில எந்தப் பக்கமும் சாயற மாதிரி லாரியில இருந்து கழட்டுன ஜாயின்ட்டு, சாய்க்கறதுக்கு ரெண்டு பக்கமும் பஸ்ஸு வைப்பர் மோட்டாரு, எதுத்தாப்பல ஹால்ல இருந்து தூக்கிட்டு வந்த டிவி, டிவி முழுக்க ஒரு ரன்வே. வீட்டுக்குள்ளயே ஏரோப்ளேன் ஓட்டற கம்ப்யூட்டர் வெளையாட்டு. வெளையாட்டுன்னு சொன்னா பாப்பாவுக்கு, என் மக பிரதீபாவுக்குக் கோவம் வரும், சிம்முன்னு சொல்லோணும். அவ பக்கத்துல பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து கீபோர்டை மடியில வெச்சிருக்கா. இருவத்திரெண்டு வயசு. பைலட்டுக்குப் படிக்கற புள்ள. படிச்சுட்டிருந்த புள்ள. இதுல எதைச் சொல்றதுன்னு நாளைக்குக் காலையில அவ பஸ் ஏறறாளான்னு பாத்தாத்தான் தெரியும், அந்த நெனப்பை இப்ப எடுக்க வேண்டாம். இன்ஜினைப் போடறேம்மாங்கறா. போடு கண்ணுங்கறேன். அட சாமி.

முதுகெலும்போட அடி நுனியில ஆரம்பிக்குது. ரெண்டு தும்மல், ஒரு குலுக்கு, அப்புறம் சீரா ஒரு உறுமல், காதுல இல்ல, காதுல ஒண்ணுமே பெருசா விழுகல, எல்லாம் எலும்புலதான். சீட்டுக்கு அடியில ரெண்டு ஸ்பீக்கர் மாட்டியிருக்கா, ஆனா அதுல காகிதக் கூம்பு கெடையாது, உள்ள இருக்கற இரும்பு மட்டும் குதிக்கும், காதுக்குப் போகவேண்டியதை இடுப்புக்கு அனுப்பும். மோட்டாரை முப்பது வருசமா உள்ளங்கையில கேட்டுப் பழகுனவ நான், உக்காந்த எடத்துல கேக்கறது இதுதான் முதல் தடவை, வெக்கமா வேற இருக்குது. நிமிசத்துக்கு ஆயிரம் சுத்து இருக்கும்னு வாய்ல வந்துருச்சு. பாப்பா டிவியைப் பாக்கறா, கீழ இருக்கற முள்ளைப் பாக்கறா, ஆயிரத்தி அம்பதுங்கறா, சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாக்கறா. இப்படி அவ என்னைப் பாத்து நாலு மாசம் ஆச்சு. பொய்யி இது, கண்ணு முன்னால இருக்கறது கண்ணாடி, கீழ இருக்கறது நான் முடுக்குன போல்ட்டு, ஆனா இந்த நடுக்கம் பொய்யில்ல, இருக்கறதுதான் நடுங்கும், இல்லாதது எப்படி நடுங்கும், அப்ப இன்ஜின் எங்கியோ இருக்குதுன்னுதான அர்த்தம், என் புத்தி அப்படித்தான் சொல்லுது. எட்டாவதுக்கு மேல போகாத புத்திதான். ஆனா மோட்டாரு விசயத்துல அது இதுவரைக்கும் ஏமாந்ததில்ல, இப்பத்தான் ஏமாறுது, ஏமாறுதுன்னு தெரிஞ்சுட்டே ஏமாறுது.

எனக்கு நடுக்கம்னாலே ஆகாது. அதோட மல்லுக்கட்டித்தான் இத்தனை வருசம் சோறு தின்னிருக்கறேன். கணபதியில எங்க ரீவைண்டிங் கடையில அவரு எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் சுத்துவாரு, நான் மோட்டாருக்குள்ள சுத்தற ரோட்டரை ரெண்டு இரும்புப் பட்டை மேல உருட்டி விடுவேன், எந்தப் பக்கம் கனமோ அது கீழ வந்து நிக்கும், அந்தப் பக்கம் துளியூண்டு இரும்பைக் கொடைஞ்சு எடுப்பேன், மறுக்கா உருட்டுவேன், எந்தப் பக்கமும் சாயாம எங்க விட்டாலும் அங்கயே நிக்கற வரைக்கும் உருட்டுவேன். அப்புறம் மோட்டாரைப் பூட்டி ஓடவிட்டு அது மேல கையை வெப்பேன். கையில நடுக்கம் தெரிஞ்சா கழட்டு. தெரியலைன்னா பாஸ். நான் கை வெக்காத மோட்டாரு கடை வாசப்படி தாண்டாது, மாமனார் காலத்துல அவரு கை, இப்ப என் கை, அவ்வளவுதான் எங்க கடைச் சட்டம். தோட்டக்காரங்க நின்னு கத்துவாங்க, பயிரு வாடுது போகோணுமுங்கன்னு, வாடட்டும்னு சொல்லிருவேன், ஆடற மோட்டாரைப் போட்டுட்டு நாளைக்கு பேரிங் போச்சுன்னு வந்து நிக்காதீங்கன்னு. அந்தச் சட்டத்தைத்தான் இந்தப் புள்ள என் மேலயே திருப்பிட்டா. நேத்து சீட்டு வேலை முடிஞ்சது, அவரு வந்து சந்தனம் குங்குமம் வெச்சு சூடம் காட்டிட்டுப் போனாரு, ஏறி உக்காரு அம்மிணின்னேன், மாட்டேன்னுட்டா. நீ கை வெக்காத மோட்டாரு கடையைத் தாண்டாதுன்னா நீ உக்காராத சீட்டுல நான் மட்டும் எப்படிம்மா உக்காருவேங்கறா. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், நம்ம வாயில இருந்து எடுத்து நம்ம தலையிலயே கொட்டுவா. சரி போ, எந்திரிச்சு வந்தாச்சு, உக்காந்தாச்சு, சேலையைச் சுருட்டிச் செருகியாச்சு.

ரன்வேக்குப் போற பாதையில ஊருது. தார் ரோட்டுல ஒட்டுப் போட்ட எடம் வந்தா டக்குன்னு ஒரு தட்டு, முன் சக்கரத்துக்கு ஒண்ணு, அரை நிமிசங்கூட இல்ல, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள பின் சக்கரத்துக்கு ஒண்ணு. முன்னுக்கும் பின்னுக்கும் எத்தனை அடி இருக்கும்னு சொல்லிருவேன் போல. எப்படி இதெல்லாம், எவன் உக்காந்து யோசிச்சான், எந்தத் தட்டு எந்தச் சக்கரத்துக்குன்னு. போலாமாம்மாங்கறா. ம்ங்கறேன். உறுமல் ஏறுது, ஏறி ஏறித் தோளுக்கு வந்துருச்சு, பல்லு கிட்டிக்குது, சீட்டு பின்னால சாயுது, ரெண்டு அங்குலம், எனக்குத் தெரியும் ரெண்டே ரெண்டு அங்குலம், சத்தியமாத் தெரியும், ஆனா யாரோ என் நெஞ்சு மேல கையை வெச்சு அழுத்தித் தள்ளற மாதிரி முதுகு சீட்டுல ஒட்டிக்குது. இதைப் பாப்பா முன்னமே சொல்லியிருக்கா. உடம்புக்கு வேகம் எது சாய்வு எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதாம், கண்ணு முன்னால ரோடு ஓடிட்டு முதுகுல கனம் ஏறுனா அது வேகம்னுதான் எடுத்துக்குமாம். அப்புறம் நமக்குத் தெரியாம, நமக்குத் தெரியாதபடி மெதுவா, நத்தை ஊர்ற வேகத்துல சீட்டை நடுவுக்குக் கொண்டு வந்துருவாங்களாம், அடுத்த தள்ளுக்கு எடம் வேணுமில்ல. அப்ப நான் நம்பல. என் உடம்பை ரெண்டு வைப்பர் மோட்டாரா ஏமாத்தும்னேன். டக்கு டக்கு டக்குன்னு ஒட்டுத் தட்டெல்லாம் நெருங்கி ஒண்ணோடொண்ணு சேந்து ஒரே கடகடப்பா ஆகுது, டிவிக்குள்ள புல்லெல்லாம் பச்சைக் கோடாப் போகுது, பாப்பா என் கையை எடுத்து முன்னால இருக்கற ஓட்டற கம்பியில வெச்சு, அது மேல தன் கையை வெச்சுக் கொஞ்சம் இழுக்கறா, கொஞ்சூண்டு, மாவுல வெரலை வெச்சுப் பாப்பமே அவ்வளவுதான்.

நின்னு போச்சு. கடகடப்பு நின்னு போச்சு. இன்ஜின் உறுமல் இருக்குது, ஆனா கீழ இருந்து வந்த அந்தத் தட்டல் சுத்தமா, ஒரு துளி மிச்சம் இல்லாம நின்னு போச்சு. அவ்வளவுதானா. இதுதானா. நான் என்னமோ பறக்கறதுன்னா மேல போற உணர்ச்சின்னு நெனச்சிருந்தேன், ராட்டினத்துல வயித்தைப் பெசையுமே அந்த மாதிரின்னு, அது இல்ல, தரை நம்மை விட்டுருது. முப்பது வருசமா ஒவ்வொரு மோட்டாரு மேலயும் கையை வெச்சு நான் எதுக்காகக் காத்துட்டிருந்தனோ அது, அந்த நின்னு போறது, அது இப்ப என் உடம்பு முழுக்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. தொடைக்கக் கை வரல, கை கம்பியை விட மாட்டேங்குது. எத்தனை ஏரோப்ளேன் எங்க கடைக்கு மேல போயிருக்கு, பீளமேட்டுல எறங்கறதுக்கு முன்னால எங்க தகரக் கூரைக்கு நேரா வந்துதான் சாயும், அந்தச் சத்தத்துல மோட்டாரு சத்தம் கேக்காது, ஒவ்வொரு தடவையும் எழவெடுத்தவன் வந்துட்டான்னு திட்டியிருக்கறேன். அதுக்குள்ள இருக்கறவங்களுக்கு இப்படியா இருந்திருக்கும். இவ்வளவு சத்தத்தைக் கீழ போட்டுட்டு உள்ள இவ்வளவு அமைதியா. மேல ஏற ஏறக் காத்து லேசாத் தூக்கிப் போடுது, வாழை மட்டையில உக்காந்து தண்ணியில மெதக்கற மாதிரி, இந்தப் பக்கம் ஒரு அசைவு, அந்தப் பக்கம் ஒரு அசைவு. கீழ டிவியில வீடு, தென்னை, ஒரு கொளம். பாப்பா பேசிட்டே இருக்கா. இது எறக்கை, இது ஒசரம், இந்த மேகத்துக்குள்ள போனா குலுக்கும் பாருன்னு, போனோம், குலுக்குச்சு. நாலு மாசமா சோத்தைப் போடு வேண்டாம் தூங்கறேன்னு மட்டும் பேசுன புள்ள இத்தனை பேசுது, நான் மேகத்தைப் பாக்கறதா இவளைப் பாக்கறதா.

நாலு மாசத்துக்கு முன்னால, வைகாசியில, கடையில ஒரு போர்வெல் மோட்டாரு மேல கை வெச்சிருந்தப்பத்தான் போன் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து, பறக்கச் சொல்லித் தர்ற பள்ளிக்கூடம், இங்கிருந்து பஸ்ஸுல அஞ்சு மணி நேரம். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்கன்னு ஆரம்பிச்சாங்க. ஒண்ணும் இல்லைன்னு ஆரம்பிச்சாலே என்னமோ ஆயிருச்சுன்னுதான அர்த்தம். பாப்பா தனியா ஓட்டிட்டுப் போன மூணாவது நாளு. எறங்கறப்ப பக்கவாட்டுல காத்து, சக்கரம் தரையில பட்டுத் துள்ளியிருக்குது, துள்ளுனதுல இவ பயந்து கம்பியை முன்னால தள்ளி மூக்கைக் கீழ எறக்கியிருக்கா, மூக்குச் சக்கரம் முதல்ல போயி மோதி மடங்கி, முன்னால சுத்தற றெக்கை தரையில அடிச்சு வளைஞ்சு நின்னிருக்குது. அவளுக்கு ஒதட்டுல ஒரு காயம், அவ்வளவுதான், சாமி புண்ணியம். போயிக் கூட்டிட்டு வந்தோம். வழியெல்லாம் நான் சும்மா இருந்தனா, இல்லியே. எதுக்குத் தள்ளுனே. துள்ளுனா புடிச்சுட்டுச் சும்மா இருக்கோணும், இல்லைனா இன்ஜினைக் கூட்டி மறுக்கா மேல போயிரோணும், அதுதான சொல்லிக் குடுத்தாங்க, அந்த வாத்தியாரே எங்கிட்டச் சொன்னாரே, அப்புறம் எதுக்குத் தள்ளுனே. ஒரு நாள் கேட்டனா, நூறு தடவை கேட்டிருப்பேன். சோறு போடறப்பக் கேட்டேன், தலை பின்னறப்பக் கேட்டேன். எனக்கு மனசு ஆறல. காரணம் தெரிஞ்சா கழட்டிச் சரி பண்ணிரலாம், அப்படித்தான் நான், எது ஆடுனாலும் எங்க ஆடுதுன்னு கண்டுபுடிச்சாத்தான் தூக்கம் வரும். அவ பதிலே சொல்ல மாட்டா. தெரியலைம்மான்னு ஒரு தடவை சொன்னா, அது ஒரு பதிலாடின்னேன். அதோட வாயை மூடுனவதான். பள்ளிக்கூடத்துல இருந்து கடுதாசி வந்துச்சு, இத்தனாந்தேதி திங்கக்கெழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து வாத்தியாரோட ஒரு தடவை ஓட்டிக் காட்டோணும், வரலைன்னா பேரை எடுத்துருவோம்னு. அந்தத் திங்கக்கெழமை நாளைக்கு.

சும்மா டிவியை வெச்சு இவ ஓட்டிப் பாத்தா, ரெண்டு மாசம், ஆடாத சேருல உக்காந்து. நூறு தடவை எறக்குனா, நூறும் பூ மாதிரி எறங்குச்சு. அதுதான் பிரச்சினைன்னா. சேரு சும்மா இருந்தா எனக்குப் பயமே வரலைம்மா, பயம் வராம நான் எதைக் கத்துக்கறதுன்னா. அன்னைக்கித்தான் இந்தச் சீட்டுப் பேச்சு வந்துச்சு, எங்கியோ வெளிநாட்டுல எல்லாம் வீட்டுலயே இப்படிச் செய்யறாங்களாம், படமெல்லாம் காட்டுனா. சீட்டுல ஒரு நாலு சின்ன மோட்டாரு வேணும்மா, அடிக்கறப்ப குலுக்கறதுக்கு, அச்சுல ஒரு தட்டு மாட்டி ஒரு ஓரத்துல மட்டும் ஒரு போல்ட்டை வெச்சுக் குடுன்னா. சுத்தறப்ப ஒரு பக்கம் கனம் ஏறிக் குலுக்கும். செல்போனு உதறுதே, அதுவும் இதே தந்திரந்தானாம். சரின்னு அளவு வாங்கிட்டுக் கடைக்குப் போனேன். ரெண்டு நாள்ல முடிச்சுக் கொண்டாந்து மாட்டுனேன். சுவிட்சைப் போட்டா நாலு மோட்டாரும் விர்ருன்னு ஓடுது, சீட்டு கல்லு மாதிரி இருக்குது. ஒரு ஆட்டம் இல்ல. பாப்பா கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தா. வெளிய வந்து எம் மூஞ்சியப் பாத்தா. நாலு தட்டுலயும் எதிர்ப்பக்கத்துல அதே அளவுக்கு இன்னொரு போல்ட்டு. நான்தான் வெச்சிருக்கறேன். சொன்னா நம்போணும், வெச்சது எனக்கு நெனப்பே இல்ல, கை வெச்சிருக்குது, ஒரு பக்கம் கனத்தைப் பாத்ததும் மறுபக்கம் ஈடு கட்டிருச்சு. அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு, குலுக்கறதுக்குக் கேட்டா பாஸ் பண்ணிக் குடுத்திருக்கறா பாருன்னு. நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி படுத்தா சிரிப்பு வரல. கைப் பழக்கம்தானா அது. ஒரு போல்ட்டுன்னா பழக்கம். நாலு தட்டு, நாலு போல்ட்டு, ரெண்டு நாள் வேலை. இந்தப் புள்ள உக்கார்ற சீட்டு ஆடக் கூடாதுன்னு எனக்குள்ள எவளோ ஒருத்தி உக்காந்து முடுக்கியிருக்கறா. ஆடலைன்னா கத்துக்க மாட்டா, கத்துக்கலைன்னா போக மாட்டா, போகலைன்னா இங்கயே இருப்பா, கடையில உக்காந்து காயில் சுத்துவா, நான் நிம்மதியாச் சோறு திம்பேன். அப்படியா நெனச்சேன். நெனைக்கல. நெனைக்கலைன்னா அந்த நாலு போல்ட்டு எப்படி வந்துச்சு. மறுநாளு நாலு போல்ட்டையும் நானே கழட்டுனேன்.

காத்து மாறுது. சீட்டு எடது பக்கம் சாஞ்சு சாஞ்சு வருது, மூக்கு ஒரு பக்கம் பாத்துட்டு நாங்க வேற பக்கம் போறோம், நண்டு போற மாதிரி. என்ன கண்ணு இதுன்னேன். அன்னைக்கு அடிச்ச காத்தும்மாங்கறா, அதே வேகம் போட்டிருக்கறேன், அதே பக்கம். கொரல் சாதாரணமாத்தான் இருக்குது, ஆனா கீபோர்டு மேல வெரலு வெளுத்துப் போயிருக்குது. தூரத்துல ரன்வே ஒரு தீக்குச்சி அளவுக்குத் தெரியுது. இத்தனை நேரம் அவதான் ஓட்டுனா, நான் சும்மா கம்பியைப் புடிச்சிருந்தேன். இப்பச் சொல்றா, கடைசி அம்பது அடி நீ எறக்கும்மா, அது வரைக்கும் நான் கொண்டாந்து தர்றேன். போடி பைத்தியக்காரின்னேன். எனக்கென்ன தெரியும். ஒண்ணும் வேண்டாம், தரை கிட்ட வர்றப்ப மூக்கை லேசாத் தூக்கிப் புடிச்சுட்டே இரு, துள்ளுனா அப்படியே புடிச்சுட்டு இரு, நான் இன்ஜினைக் கூட்டிர்றேன், அவ்வளவுதாங்கறா. அவ்வளவுதான. அதைத்தான நான் நாலு மாசமா இவளுக்குப் பாடம் எடுத்தேன். தீக்குச்சி வளந்து பலகை ஆகுது, பலகை வளந்து ரோடாகுது, ரோடு என்னைப் பாத்து எந்திரிச்சு வருது. சீட்டு எடதும் வலதும் உலுக்குது, என் வயிறு சீட்டுக்கு முன்னாலயே கீழ போயிருச்சு. நான் மாடி ரூம்புல இருக்கறேன், கட்டில் அங்க இருக்குது, அவ துப்பட்டா கொடியில தொங்குது, எல்லாந் தெரியுது, தெரிஞ்சும் காலு ரெண்டும் தரையைத் தேடுது. இப்ப உன்னதும்மாங்கறா. தூக்கிப் புடிக்கறேன். புடிச்சுட்டே இருக்கறேன். புடிச்சுட்டே.

அடி. கீழ இருந்து ஒரு அடி, மோட்டாரு நாலும் சேந்து, முதுகு வழியா மண்டைக்குள்ள ஏறுது, சீட்டு ஒரு தூக்கு தூக்கி மூக்கு வானத்தைப் பாக்குது, ரோட்டைக் காணோம், ரோடே இல்ல, வெறும் வானம், விழுகப் போறேன், பின்னால விழுகப் போறேன், எங்க ரோடு, ரோடு வேணும் எனக்கு. ரோடு தெரியுது. எப்படித் தெரியுது. பெரிய சத்தம், சீட்டு முன்னால கவுந்து தடுப்புல போயி முட்டி நிக்குது, பெல்ட்டு தோளை அறுக்குது, டிவியில வெறும் புல்லும் தாரும் கோணலா நிக்குது, அப்புறம் எல்லாம் நின்னு போச்சு. என் கையைப் பாக்கறேன். ரெண்டு கையும் கம்பியை முன்னால, கடைசி வரைக்கும் முன்னால தள்ளிப் புடிச்சிருக்குது. நான் தள்ளச் சொல்லல. சத்தியமா நான் சொல்லல. புடிச்சுட்டு இருன்னு சொல்லித்தான் உக்காந்தேன், அவ சொல்லி நிமிசம்கூட ஆகல, நான் அவளை நூறு தடவை கேட்டிருக்கறேன், எல்லாந் தெரிஞ்ச மாதிரி, சோறு போடறப்ப, தலை பின்னறப்ப. வானம் மட்டும் தெரிஞ்சா உடம்பு தரையைத் தேடுது, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல. கழட்டிப் பாக்கறதுக்கு அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. அன்னைக்கு இந்தப் புள்ள நெசமான வானத்துல, நெசமான தார் ரோட்டுக்கு மேல, தனியா, பக்கத்துல ஸ்டூல்ல யாரும் இல்லாம.

"நானும் தள்ளிட்டேன் கண்ணு," அப்படின்னேன்.

அவ டிவியில கோணலா நிக்கற ரோட்டைப் பாத்தா.

"எல்லாரும் தள்ளுவாங்கம்மா," அப்படின்னா. "தெரியலைன்னு சொன்னது அதைத்தான். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நான் கேட்டதெல்லாம் தப்பு கண்ணு. நூறு தடவை கேட்டதும் தப்பு."

அதுக்குத்தான் அழுதா. ஸ்டூல்ல உக்காந்தபடியே, மடியில கீபோர்டோட, சின்னப் புள்ளையில அழுகற மாதிரி வாயைத் தொறந்து அழுதா, கீபோர்டுல கை எதையோ அமுத்திக் கூம்பில்லாத ஸ்பீக்கர்ல இன்ஜின் வேற உறுமுது. எனக்கு எந்திரிக்க முடியல, பெல்ட்டை எப்படிக் கழட்டறதுன்னு தெரியல, மாட்டுனவ நான்தான், வெரலு ஓடல. அவளே வந்து கழட்டி விட்டா. கையப் புடிச்சு எறக்கி விட்டா. தரையில கால் வெச்சா தரை ஆடற மாதிரி இருக்குது, அஞ்சு நிமிசம் அப்படித்தான் இருக்கும்மா, போயிரும்னா. மூக்கை உறிஞ்சிட்டு அவ ஏறி உக்காந்தா. நான் சொல்லல, ஏறுன்னு சொல்லல, அவளே ஏறுனா, பெல்ட்டைப் போட்டா, முதுகைச் சீட்டுல ஒட்டி உக்காந்துக்கிட்டா. அதே காத்து. அதே ரன்வே.

செவுத்துல சாஞ்சு நின்னு பாக்கறேன். வெளிய நின்னு பாத்தா ஒண்ணுமே இல்ல, ஒரு பழைய வேன் சீட்டு முன்னால ரெண்டு அங்குலம் பின்னால ரெண்டு அங்குலம் ஆடுது, ரெண்டு வைப்பர் மோட்டாரு கிர்ரு கிர்ருங்குது, ரோட்டுல போறவங்க பாத்தா சிரிப்பாங்க. ஆனா அவ அங்க இல்ல. கண்ணு எங்கியோ இருக்குது, தோளு ரெண்டும் எறங்கி நிம்மதியா இருக்குது, கையில கம்பி பூ மாதிரி இருக்குது, எம் வயித்துல பொறந்த புள்ளைதான், எனக்கே யாருன்னு தெரியல, கையெடுத்துக் கும்புடலாம் போல இருக்குது. ரோடு எந்திரிச்சு வருது. எனக்குத் தெரியும் இப்ப அவ வயிறு எங்க இருக்கும்னு. நூறு தடவை பூ மாதிரி எறக்குனவ, இப்பச் சீட்டு ஆடறப்ப அடி விழுகுது, அதே அடி, சீட்டு தூக்கிப் போடுது, டிவியில ரோட்டைக் காணோம், வெறும் வானம். அவ கை. நான் அவ கையை மட்டும்தான் பாக்கறேன். நரம்பு பொடைக்குது. முன்னால போகோணும்னு துடிக்குது, கண்ணுல தெரியுது, ஒரு நூல் முன்னால போயிருச்சு, போயி நின்னுச்சு. வெறும் வானத்தைப் பாத்துட்டு அந்தக் கை அப்படியே நிக்குது. எடது கை இன்ஜினைக் கூட்டற பிடியைக் கடைசி வரைக்கும் தள்ளுது. ரூம்பு ஜன்னலெல்லாம் அதிருது, செவுரு அதிருது, என் முதுகுல ஏறுது. தரையை விட்டுட்டா. மேல போறா, காத்தோட சாஞ்சு, மறுக்கா ஒரு சுத்து வர்றதுக்கு, வெயிலு டிவியில இருந்து அவ மூஞ்சியில விழுகுது.

எனக்குப் பயம் போகல. போகவே போகாது, அது எனக்குத் தெரிஞ்சுருச்சு, நாளைக்கும் இருக்கும், அவ தலை நரைச்சு எங்கியோ பெரிய ப்ளேன் ஓட்டிட்டு இருந்தாலும் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். என் வாயே தானாக் கேட்டுச்சு.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கண்ணு பஸ்ஸு?"

அவ திரும்பல. கண்ணை வானத்துல இருந்து எடுக்கல.

"அஞ்சே முக்காலும்மா."

பஸ்ஸுல சாப்புடக் கட்டிக் குடுக்கோணும், இட்லிக்கு ஊறப்போட இன்னும் நேரம் இருக்குதுன்னு கீழ எறங்கிப் போனேன்.